சங்கத்து லாரிக்கு எத்தகைய சுமைமேடை வேண்டும்?

கூட்டுறவுச் சங்கங்கள் சொந்தமாக லாரி வாங்குவது இன்று அரிய செய்தியன்று. நூலை ஆலையிலிருந்து கொண்டுவரவும், நெய்த துணியைக் கிடங்கிற்கு அனுப்பவும், தோட்டத்து விளைவை விற்பனைக்கூடத்தில் சேர்க்கவும் வாடகை வண்டியை எதிர்பார்த்து அலுத்த சங்கங்கள் பல, பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் செய்து, கடன் பெற்று லாரி வாங்குகின்றன. எந்த உற்பத்தியாளரின் வண்டி, இயந்திரத்தின் வலு எவ்வளவு, வட்டி எத்தனை விழுக்காடு என்பன பற்றி அக்கூட்டங்களில் மணிக்கணக்கில் விவாதம் நடைபெறும். ஆனால் அந்த லாரியின் முதுகில் எதைக் கட்டப் போகிறோம் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. சேஸிஸ் வந்து சேர்ந்தபின், “பட்டறைக்கு ஓட்டிப்போய் நல்லதொரு பாடி கட்டிக்கொண்டு வாருங்கள்” என்று ஓட்டுநரையும் குழு அங்கத்தினர் ஒருவரையும் அனுப்பிவிட்டு, காரியம் முடிந்ததாக எண்ணிவிடுகிறோம்.

எங்கள் ஊரிலும் அவ்வாறுதான் நடந்தது. நெசவாளர் சங்கமும் விளைபொருள் விற்பனைச் சங்கமும் சேர்ந்து 2014ஆம் ஆண்டில் ஒரு லாரி வாங்கினோம். வாரத்தில் சில நாட்கள் நூலுக்கும் துணிக்கும், மற்ற நாட்கள் மஞ்சளுக்கும் காய்கறிக்கும் என்பது ஏற்பாடு. பட்டறைக்காரர் தம் வழக்கப்படி நான்கு புறமும் உயர்ந்த சுவரும், பின்னால் ஒரேயொரு கதவும், கீழே மரப்பலகைத் தளமும் உள்ள பாடியைக் கட்டித் தந்தார். பக்கங்களில் தாமரைப்பூவும் மயிலும் எழுதியிருந்தார். வண்டி ஊருக்குள் நுழைந்த அன்று மாலை போட்டு வரவேற்றோம். அந்தப் பாடியின் எடை எவ்வளவு என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் அதன் பலனைக் கண்டோம். முதல் நாள் மஞ்சள் மூட்டைகள் சென்ற வண்டியில், மறுநாள் வெள்ளை நூல் சிப்பங்களை ஏற்றினோம். வண்டியைப் பெருக்கித்தான் ஏற்றினோம். எனினும் பலகைகளின் இடுக்குகளில் மஞ்சள் தூள் தங்கியிருந்தது. வழியில் பெருமழை. உயரமான சுவருக்குமேல் கட்டிய தார்ப்பாய் நடுவில் தொய்ந்து குளமாகி, ஒரு மூலையில் கிழிந்தது. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தளத்தில் தேங்கிற்று. ஊரில் வந்து இறக்கியபோது, கீழ் அடுக்கில் இருந்த சிப்பங்கள் அத்தனையும் மஞ்சள் பூத்திருந்தன. மஞ்சளின் சாயம் பருத்தி இழையில் எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பதை நெசவாளருக்குச் சொல்லவேண்டியதில்லை. வெள்ளை வேட்டிக்கென வாங்கிய நூலை அரக்கு நிறத்தில் தோய்த்துத் தேற்றவேண்டியதாயிற்று. அதுவரை தறிகள் நின்றன, கூலியும் நின்றது. அந்த இழப்பை எந்தச் சங்கம் ஏற்பது என்ற வழக்கு மூன்று கூட்டங்களுக்கு நீடித்து, இரு சங்கங்களும் பிரிந்துபோகும் நிலை ஏற்பட்டது. விவசாயிகள் மீதும் தவறில்லை, நெசவாளர் மீதும் தவறில்லை. தவறு, தளத்தைப் பற்றிச் சிந்திக்காத எங்கள் குழுவினுடையது.

அன்று முதல் சுமைமேடையைப் பற்றி நாங்கள் கேட்டும் கற்றும் கணக்கிட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். லாரி வாங்கும் எண்ணமுள்ள சங்கங்களின் அங்கத்தினர்கள் தங்கள் படிப்பு வட்டத்தில் இதைப் படித்து, எங்கள் கணக்கைத் தங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

முதலில் சுமையை எழுதுக

சுமைமேடை என்பது சேஸிஸின் மேல் பொருத்தப்படும் தளமும் அதைத் தாங்கும் சட்டமுமாகும். பக்கச் சுவர் எதுவும் இல்லாமல் தளம் மட்டும் இருந்தால் அது தட்டுமேடை. அத்தளத்தின் மூன்று பக்கங்களிலும் கீல் வைத்த குட்டைக் கதவுகளை அமைத்து, வேண்டும்போது நிமிர்த்தித் தாழிடவும் வேண்டாதபோது கீழே தொங்கவிடவும் செய்தால் அது மடிபக்க மேடை. சுவர்கள் நிலையாக உயர்ந்து நின்றால் நாம் வழக்கமாகக் காணும் லாரி பாடி. கூரையும் போட்டு மூடினால் பெட்டி வண்டி. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பது, ஏரில் சிறந்ததா தறியில் சிறந்ததா என்று கேட்பது போன்றது. எதை ஏற்றப் போகிறோம் என்பதைக் கூறாமல் விடை கூற இயலாது.

ஆகையால் பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு குறிப்பேடு எழுதவேண்டும். சென்ற ஓராண்டில் வாடகை வண்டிகளில் சங்கம் ஏற்றியவை யாவை, ஒவ்வொரு நடைக்கும் எடை எவ்வளவு, ஏற்றிய இடங்கள் எத்தனை, இறக்கிய இடங்கள் எத்தனை, நனைந்தால் கெடும் பொருளா, மிக நீளமான பொருள் எது என்பவற்றைச் சங்கத்தின் வரவு செலவுச் சீட்டுகளிலிருந்தே எடுத்துவிடலாம். இதற்கு ஒரு குமாஸ்தாவின் இரண்டு நாள் உழைப்புப் போதும்.

எங்கள் குறிப்பேட்டில் நாங்கள் எதிர்பாராத சில செய்திகள் வெளிப்பட்டன. மஞ்சள், வெங்காயம், உரம் ஆகிய நடைகளில் வண்டியில் இடம் மிச்சமிருக்கும்போதே எடை நிரம்பிவிடுகிறது. உர மூட்டை 50 கிலோ. யூரியா மட்டும் 2018ஆம் ஆண்டு முதல் 45 கிலோ மூட்டையாக வருகிறது. இவற்றை இரண்டு மூன்று அடுக்கு வைத்ததுமே வண்டி தன் எல்லையைத் தொட்டுவிடும். இத்தகைய சுமைக்கு ஆளுயரச் சுவர் எதற்கு? மாறாக வாழைத்தார், கத்தரி, வெண்டை போன்றவற்றில் எடை பாதியாகும்போதே இடம் நிரம்பிவிடுகிறது. இவற்றிற்கு உயரம் வேண்டும். தறிச் சட்டங்களும் பாவு சுற்றிய உருளைகளும் எண்ணிக்கையில் மிகக் குறைவு; ஆனால் அவற்றைப் பின்கதவு வழியாக ஏற்றி இறக்குவதற்குள் ஆட்கள் படும்பாடு பெரிது. நூல் நடைகளில் எடையும் இடமும் ஓரளவு ஒத்திருந்தன. அங்கே கேள்வி மழையும் தூய்மையுமே. பட்டுச் சேலை மட்டும் ஏற்றும் சங்கமாக இருந்தால் இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. பூட்டுள்ள பெட்டி வண்டியை வாங்கிவிட்டு, இக்கட்டுரையின் எஞ்சிய பகுதியை விட்டுவிடலாம்.

மேடையின் எடை அங்கத்தினரின் சரக்கிலிருந்து கழிவதாகும்

பதிவுச் சான்றிதழில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று சுமையோடு கூடிய மொத்த எடையின் உச்ச அளவு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே நாம் ஏற்றக்கூடிய சரக்கு. மொத்த எடை மாறாதது. எனவே மேடையில் ஒரு கிலோ கூடினால் சரக்கில் ஒரு கிலோ குறையும்.

கணக்கின் வசதிக்காக 7,500 கிலோ மொத்த எடையுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் அறையோடு கூடிய சேஸிஸின் எடை 2,800 கிலோ எனக் கொள்வோம். 1,100 கிலோ எடையுள்ள பாடியை அதன்மேல் கட்டினால் 3,600 கிலோ சரக்கு ஏற்றலாம். 700 கிலோவில் மடிபக்க மேடை கட்டினால் 4,000 கிலோ ஏற்றலாம். வேற்றுமை 400 கிலோ. ஆண்டில் எடை நிரம்பும் நடைகள் 100 என்றால், 40 டன் சரக்கு மறு வண்டிக்குக் காத்திருக்கிறது என்று பொருள். எடை நிரம்பாத நடைகளில் இந்த இழப்புத் தோன்றாது என்பது உண்மையே. ஆயினும் அந்த 400 கிலோ இரும்பையும் மரத்தையும் போகும்போதும் வரும்போதும் டீசல் செலவிட்டுச் சுமந்துதான் ஆகவேண்டும்.

“கொஞ்சம் மிகுதியாக ஏற்றிக்கொண்டால் ஆயிற்று” என்று கூறும் அன்பர்கள் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மிகைச் சரக்கை வழியிலேயே இறக்கும் செலவும் நம்முடையது. அபராதத்தைவிடப் பெரியது, நிறுத்தக்கருவியும் டயரும் தாங்கும் எல்லையை நாமாக மீறுவது. வண்டியை ஓட்டுபவர் சங்கத்தின் ஊழியர். பெரும்பாலும் நம் அங்கத்தினர் ஒருவரின் மகன்.

ஏற்றம் கற்பிக்கும் பாடம்

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே அமர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இதற்கு நம் பெரியவர்கள் மிதித்த ஏற்றத்தை நினைவுகொள்வோம். ஏற்றமரம் ஏற்றக்காலின்மேல் அமர்ந்திருக்கும். ஆள் மரத்தின்மேல் ஒரு பக்கமாக நடந்தால் அப்பக்கம் தாழும், மறுபக்கம் உயரும். லாரியிலும் பின் அச்சு ஏற்றக்காலைப் போன்றது. பின் அச்சுக்கு முன்னால் வைக்கும் சுமையில் ஒரு பங்கு முன் சக்கரங்களுக்குச் செல்லும். பின்னால் வைக்கும் சுமையோ முன் சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். முன் சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் பிடிப்புத் தளரும்; மழைச் சாலையில் வண்டி சொன்ன பேச்சைக் கேளாது.

கணக்கு எளிது. இரு அச்சுகளுக்கும் இடையே 3.40 மீட்டர் இருக்கட்டும். முன் அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி மேடை தொடங்கட்டும். மேடையின் நீளம் 4.25 மீட்டர். சுமையைச் சமமாகப் பரப்பினால் அதன் நடுப்புள்ளி மேடையின் நடுவில், அதாவது முன் அச்சிலிருந்து 3.125 மீட்டரில் இருக்கும். பின் அச்சுக்கு அது 0.275 மீட்டர் முன்னால் உள்ளது. சுமை 3,400 கிலோ என்றால், 3,400ஐ 0.275ஆல் பெருக்கி 3.40ஆல் வகுக்க, 275 கிலோ முன் அச்சுக்குப் போகும். மீதி 3,125 கிலோ பின் அச்சுக்கு.

இப்பொழுது “இன்னும் இரண்டடி நீட்டிக் கட்டுங்கள், இடம் கிடைக்கும்” என்று பட்டறையில் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேடை 4.85 மீட்டராகிறது. நடுப்புள்ளி 3.425 மீட்டருக்கு நகர்ந்து, பின் அச்சையும் தாண்டி 0.025 மீட்டர் பின்னே போய்விடுகிறது. அதே 3,400 கிலோவை ஏற்றினால் முன் அச்சுக்கு எதுவும் போகாததோடு, இருந்த எடையிலும் 25 கிலோ தூக்கப்படுகிறது. சுமை முழுவதையும் அதற்கு மேலும் பின் அச்சு ஒன்றே தாங்குகிறது. மொத்த எடையில் ஒரு கிலோவும் கூடவில்லை. ஆனால் பின் அச்சு தன் எல்லையை மீறிவிடக்கூடும்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி, அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் 60 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. 3.40 மீட்டரில் அது 2.04 மீட்டர். முதல் மேடை பின் அச்சுக்கு அப்பால் 1.85 மீட்டர் நீள்கிறது; விதிக்கு உட்பட்டது. நீட்டிய மேடையோ 2.45 மீட்டர், விதியை மீறியது. நீளம் வேண்டுமென்றால் நீளமான சேஸிஸையே வாங்கவேண்டும். ஆகவே மேடையைப் பற்றிய முடிவு லாரியைப் பற்றிய முடிவுக்கு முன்னரே செய்யப்படவேண்டியது, பின்னர் செய்யத்தக்கதன்று. எங்கள் கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய இளைஞரைப் பார்த்து, “இதை மூன்று வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?” என்று தலைவர் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அந்த இளைஞர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்.

மரமா, இரும்பா, அலுமினியமா?

8.5 சதுர மீட்டர் பரப்புள்ள தளத்திற்கு, கீழ்ச் சட்டங்களை நீக்கித் தளத்தின் எடையை மட்டும் பார்ப்போம். 25 மில்லிமீட்டர் கனமுள்ள வன்மரப் பலகை, கன மீட்டருக்கு 700 கிலோ எனக் கொண்டால், ஏறத்தாழ 150 கிலோ வரும். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு 200 கிலோ. 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 92 கிலோ.

எடையை மட்டும் பார்த்தால் அலுமினியமே வெற்றிபெறும். ஆனால் அதன் விலை மிகுதி. அடிபட்டுக் கிழிந்தால் ஊர்ப் பட்டறையில் அதைப் பற்றவைக்கும் கைப்பழக்கம் உள்ளவர் அரியர். அலுமினியம் ஈரத்தில் இரும்போடு நேரே ஒட்டியிருந்தால் அரித்துப்போகும். இடையே ரப்பரோ வேறு தடுப்போ வைக்கவேண்டும். ஆண்டு முழுதும் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்கு அது கட்டுபடியாகலாம். ஊரைச் சுற்றி நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓடும் சங்க வண்டிக்கு அவ்வளவு முதலீடு வேண்டுமா என்பதில் எங்களுக்கு ஐயமுண்டு.

மரத்தின் நற்குணங்களை இகழ்வதற்கில்லை. மூட்டை வழுக்காது; வெயிலில் கொதிக்காது; ஒரு பலகை உளுத்தால் அந்த ஒரு பலகையை மட்டும் உள்ளூர்த் தச்சரே மாற்றிவிடுவார். காய்கறி மட்டும் ஏற்றுவதாயிருந்தால் நாங்கள் மரத்தையே விரும்புவோம். ஆனால் மரம் எதையும் குடித்துக்கொள்ளும், எதையும் மறக்காது. மஞ்சள் தூளும், எண்ணெயும், உடைந்த பூச்சிமருந்துப் புட்டியும் அதன் இழைகளுக்குள் இறங்கிவிடும். கழுவினாலும் முற்றாக நீங்குவதில்லை. இன்று பூச்சிமருந்தும் நாளை தக்காளியும் நாளை மறுநாள் வெள்ளை நூலும் செல்லும் வண்டிக்கு அது பெருங்குறை.

இரும்புத் தளத்தைக் குழாய் நீரில் கழுவிவிடலாம் என்பதே அதன் முதற்சிறப்பு. அதன் குறைகளும் மறைவானவை அல்ல. நனைந்தால் வழுக்கும், ஆதலால் மேடுபள்ளம் வைத்த தகட்டையே வாங்கவேண்டும். சித்திரை வெயிலில் அதன்மேல் நேரே வாழைத்தாரை வைத்தால் அடித்தார் வெந்துபோகும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. சிந்தியதைக் கழுவாமல் விட்டால் துரு விரைந்து பற்றும். தகடு மெல்லியதாதலால் கீழே குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக வைக்காவிட்டால் மூட்டை விழுந்த இடமெல்லாம் குழிந்து, குழியில் நீர் நிற்கும்.

நாங்கள் இரும்பையே தெரிந்தெடுத்தோம். மரத்தைவிட 50 கிலோ கூடுதல் என்பது தெரிந்தே அதை விட்டுக்கொடுத்தோம். ஓரங்களில் நீர் வடிய துளைகள் வைத்தோம். நூல் நடைக்கென எடுத்துப் போடத்தக்க மரச்சட்டத் தட்டுகள் செய்து, கிடங்கில் தனியே வைத்திருக்கிறோம். கழுவிக் காய்ந்த தளத்தில் அவற்றைப் பரப்பி, மேலே சுத்தமான தார்ப்பாய் விரித்து, அதன்மேல்தான் சிப்பம் அடுக்கப்படும். மஞ்சள் ஏற்றும் நாளில் அந்தத் தட்டுகள் வண்டியின் பக்கமே வருவதில்லை. கிடங்குச் சாவியோடு அவற்றின் பொறுப்பும் நெசவாளர் சங்கத்துக் கிடங்குப் பொறுப்பாளரிடம் உள்ளது. இது வேண்டாத கெடுபிடி என்று சிலர் முணுமுணுத்ததுண்டு. மஞ்சள் பூத்த சிப்பங்களைக் கண்ணால் கண்டவர்கள் முணுமுணுக்கவில்லை.

சுமையேற்றுவோரின் முதுகு

பின்னால் ஒரேயொரு கதவு உள்ள பாடியில் முதல் மூட்டையைச் சுமந்துகொண்டு 4.25 மீட்டர் உள்ளே நடக்கவேண்டும். குனிந்தபடி திரும்பி வரவேண்டும். இருநூறு மீட்டர் தொலைவிலுள்ள களத்திலிருந்து மூட்டையைச் சுமந்து வந்தவருக்கு இது இரண்டாவது சுமை. எங்கள் சங்கத்தில் நெடுங்காலம் சுமையேற்றிய பெரியவர் ஒருவர் காரியதரிசியிடம், “ஏனுங்க, கதவைப் பின்னால வெச்சவரு ஒரு நாளாச்சும் மூட்டை தூக்கியிருப்பாருங்களா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை எங்களிடம் இல்லை.

மடிபக்க மேடையின் அகலம் 2 மீட்டர். மூன்று பக்கமும் திறப்பதால், தளத்தின் எந்த இடமும் ஏதேனும் ஓர் ஓரத்திலிருந்து 1 மீட்டருக்குமேல் தொலைவில் இல்லை. தரையில் நிற்பவர் மேடைமேல் மூட்டையை வைக்க, மேலே நிற்பவர் ஓரிரு அடி இழுத்து அடுக்கிவிடலாம். பல ஊர்களில் நிறுத்தி நூல் கொடுத்துத் துணி வாங்கும் நடையில் இன்னொரு நன்மையும் உண்டு. மூன்றாவது ஊரின் சிப்பத்தை எடுக்க முதல் இரண்டு ஊர்களின் சரக்கை இறக்கி ஏற்றவேண்டியதில்லை.

ஆயினும் மேடையின் உயரத்தைக் கவனியாமல் விட்டால் இந்நன்மையில் பாதி போய்விடும். தளம் சக்கரங்களுக்கு மேலே அமைவதால் உயர்பாடியைவிடச் சற்றும் தாழ்வாக இராது. கவனக்குறைவாகக் கட்டினால் அதைவிட உயர்ந்தும்விடும். சட்டத்தின்மேல் சட்டம் அடுக்கிக் கட்டும் பட்டறைகள் உள. ஏறத்தாழ மார்பளவில் நிற்கவேண்டிய தளம் தோளளவுக்கு உயர்ந்தால், ஒரு நாளில் நூறு மூட்டை தூக்குபவருக்கு அந்த அரையடி என்ன செய்யும் என்பதை வயல்வேலை செய்பவர் அறிவர். உயரம் கூடக்கூடச் சுமையின் நடுப்புள்ளியும் மேலேறி, வளைவுகளில் வண்டி சாயும் அச்சமும் மிகும். வெறும் வண்டியில் தரையிலிருந்து தளம் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும்.

தட்டுமேடைக்கு எதிரான வாதங்களையும் மறைக்க விரும்பவில்லை. சுவர் இல்லாத இடத்தில் கயிறே சுவர். ஒவ்வொரு நடையிலும் கட்டவும் அவிழ்க்கவும் நேரம் செல்லும். திடீரென்று நிறுத்தும்போது சுமை தன் எடையின் பத்தில் எட்டுப் பங்கு வலிமையோடு முன்னே பாயக்கூடும். வளைவில் பாதி எடையின் வலிமையோடு பக்கத்தில் தள்ளும். மேலை நாடுகளில் சுமை கட்டுவோர் இந்த அளவையே கணக்காக வைத்துள்ளனர். ஆகவே ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உறுதியான முன்தடுப்பு கட்டாயம் வேண்டும். அதை அழகுக்கு வைக்கும் கம்பிச் சட்டமாக எண்ணலாகாது. ஓட்டுநரின் உயிர்க்காப்பு அது. தளத்தின் ஓரம் நெடுக, கீழ்ப்புறத்தில் கயிறு கட்டும் கொக்கிகள் அரை மீட்டருக்கு ஒன்றாக இருப்பது நல்லது. அக்கொக்கிகளைத் தகட்டில் பற்றவைக்காமல் குறுக்குச் சட்டத்தில் பொருத்தச் செய்யவேண்டும். தகட்டில் வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே பிய்ந்து வரும். எங்களுக்கு இரண்டு பிய்ந்து வந்தன.

வாழைத்தாருக்கும் காய்கறிக்கும் வேண்டிய உயரத்தை, ஓரங்களில் குழிகள் வைத்து, வேண்டும்போது செருகும் கம்பங்களாலும் கம்பித் தட்டிகளாலும் பெற்றுக்கொள்ளலாம். மடிபக்கம் 60 சென்டிமீட்டர் உயரம் போதும். அதற்குமேல் போனால் ஒருவர் தனியே தூக்கித் தாழிட இயலாதபடி கனக்கும். பக்கத்தை ஒரே நீளமாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, நடுவே கழற்றத்தக்க தூண் வைப்பது மேல். சுமைமேல் ஆட்கள் அமர்ந்து வருவதை மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் அனுமதிக்கலாகாது. சட்டம் அதைத் தடுக்கிறது. மடிபக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

நாமக்கல்லிலும் அதைச் சுற்றிலும் லாரி பாடி கட்டும் தொழில் செழித்துள்ளது. தென்னிந்தியா முழுவதிலுமிருந்து வண்டிகள் அங்கே வருகின்றன. அத்தொழிலாளரின் திறமையில் குறையில்லை. குறை நாம் சொல்லும் முறையில் உள்ளது. விலைப்புள்ளி கேட்கும் சங்கங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றை மட்டும் எழுதி, குறைந்த விலை தந்தவருக்கு வேலையைத் தருகின்றன. எடையைப் பற்றிய சொல் இல்லாததால், கனமான மலிவுச் சட்டம் இலேசான நல்ல சட்டத்தை வென்றுவிடுகிறது.

2017ஆம் ஆண்டில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியைப் பெற்று, பழைய பாடியை அகற்றிப் புதிய மேடை கட்டியபோது, நாங்கள் விலைப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தோம். முடிந்த மேடையின் எடை இத்தனை கிலோவுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு தொகை கழிக்கப்படும் என்பதே அவ்வரி. ஐந்து பட்டறைகளுக்கு எழுதினோம். இருவர் பதிலே அனுப்பவில்லை. ஒருவர், “இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை” என்று தொலைபேசியில் சிரித்துவிட்டு, மறுநாள் தாமே வரைபடத்தோடு வந்தார். அவரிடமே வேலையைக் கொடுத்தோம்.

வேறு சிலவும் எழுத்தில் இருக்கவேண்டும். சேஸிஸின் நெடுஞ்சட்டங்களின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதோ பற்றவைப்பதோ கூடாது. மேடையை வளைகம்பிகளாலும் உற்பத்தியாளர் காட்டிய தாங்கிகளாலும் பிணைக்கவேண்டும். விளிம்பில் இட்ட சிறு துளையே பின்னாளில் விரிசலின் வித்தாகிறது. சேஸிஸுக்கும் மேடைச் சட்டத்துக்கும் இடையே மரமோ ரப்பரோ வைக்கவேண்டும். பின்புறத்திலும் பக்கங்களிலும் சிறு வண்டிகள் அடியில் புகாதபடி தடுக்கும் சட்டங்களும், ஒளியைத் திருப்பும் பட்டைகளும் விதிப்படி அமையவேண்டும். லாரி பாடிகளுக்கென ஏ.ஐ.எஸ். 093 என்னும் தரவிதி உள்ளது; பட்டறை அதன்படி கட்டுகிறதா என்று கேட்டு எழுதி வாங்குக. கட்டிய பிறகு மாற்றுவது எளிதன்று. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை நம் விருப்பப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடந்தருவதில்லை.

வண்டியைப் பெற்றுக்கொள்ளும் நாளில் இறுதித் தொகையைக் கொடுக்குமுன் எடைமேடைக்கு ஓட்டிச் செல்க. சேஸிஸ் பட்டறைக்குப் போகுமுன் எடுத்த எடைச்சீட்டைக் கையில் வைத்திருந்தால், கழித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முடியுமானால் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டும், பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டும் பெறுக. பின்னர் முழுச் சுமையோடு அதே மூன்று எடைகளையும் எடுத்து, ஆறு சீட்டுகளையும் சங்கத்தின் கோப்பில் சேர்த்துவிடுக. ஓட்டுநர் மாறினாலும் காரியதரிசி மாறினாலும், எந்தச் சரக்கை எவ்வளவு முன்னே தள்ளி அடுக்கவேண்டும் என்பதற்கு அவை சாட்சியாக இருக்கும்.

படிப்பு வட்டத்திற்கு ஒரு கணக்கு

ஒரு சங்கம் வாங்க எண்ணும் சேஸிஸில் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 3.80 மீட்டர். முன் அச்சிலிருந்து 1.10 மீட்டரில் மேடை தொடங்குகிறது. மேடையின் நீளம் 4.80 மீட்டர். 3,800 கிலோ மஞ்சள் சமமாகப் பரப்பி ஏற்றப்படுகிறது. ஒவ்வோர் அச்சுக்கும் போகும் சுமை எவ்வளவு? பின்னால் நீளும் பகுதி விதிக்கு உட்பட்டதா?

விடை: முன் அச்சுக்கு 300 கிலோ, பின் அச்சுக்கு 3,500 கிலோ. பின்னால் நீள்வது 2.10 மீட்டர், விதி அனுமதிப்பது 2.28 மீட்டர், எனவே உட்பட்டது. அதே மேடையை ஓரடி நீட்டினால் என்னவாகும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.